பொன்னேரிக்கரையில் ஐந்து நிமிஷம்

இல்லத்தரசி வேலைக்கு ஆள் எடுக்கும்போது சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா என்று கேட்கிறார்களே தவிர, சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் காஞ்சிபுரத்தைக் குறுக்கே கடக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. என் வேலையில் இப்போது அதுதான் முக்கால்வாசி.

விஷயம் இதுதான். என் ஒரே பெண் நிவேதா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் பையனை எங்களிடம் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்களா கூப்பிடற வரைக்கும் மிதிக்க மாட்டேன்" என்றாள் அவள். இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள். ஒன்றரை வருஷம் ஆகிறது.

இப்போது அவள் வாலாஜாவில், மாமியார் வீட்டில். கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் ஆறு இருபதுக்குப் பொன்னேரிக்கரை ஹைவேயில் வந்து நிற்கும். டிரைவர் டீ குடிக்கிற ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். வியாழக்கிழமைகளில் இவர் தன் எலக்ட்ரிகல் கடைக்குச் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போய்விடுவார். நான் ஒரு பாட்டில் வத்தக்குழம்போடு பிள்ளையார்பாளையத்திலிருந்து ஊரின் அந்தக் கோடிக்குக் கிளம்புவேன். எதில் போனால் சீக்கிரம் என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. முகூர்த்த நாளில் ராஜ வீதியில் மாட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஷேர் ஆட்டோ

"ஏறுங்கம்மா, உடனே எடுத்துருவேன்" என்றதை நம்பி ஏறினேன். உள்ளே நாலு பேர் இருந்தோம். டிரைவருக்கு எட்டு பேர் வேண்டும். ஐந்தாவது ஆள் கிடைத்ததும் எடுத்தார். ஆறாவது ஆளுக்காக நெல்லுக்காரத் தெரு முனையில் நிறுத்தினார். பஸ் ஸ்டாண்ட் வாசலில் இரண்டு பேர் இறங்க, கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நேரம் தவறாமைக்குப் பரிசு வாங்கியவள் நான். பரிசு கொடுத்த சிஸ்டர் இந்த வண்டியில் வந்திருந்தால் ஜெபமாலையைக் கையில் உருட்ட ஆரம்பித்திருப்பார்.

பொன்னேரிக்கரையில் இறங்கும்போது ஆறு முப்பது. பஸ் போய்விட்டது. டீக்கடைப் பலகையில் பஸ் டிரைவர் குடித்து வைத்த கிளாஸ் மட்டும் இருந்தது. மூடி நெகிழ்ந்து குழம்பு பையில் பாதி, என் புடவையில் பாதி. கூட இறங்கிய பூக்காரம்மா என்னையும் காலி ரோட்டையும் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "பஸ்ஸு போனா போவுதும்மா, நாளைக்கும் வரும். இந்தப் புளி எந்தக் கடையில வாங்கினது?"

சாமி குறுக்கே வந்தது

அடுத்த வாரம் தனி ஆட்டோ. டிரைவருக்கு ஐம்பது வயசிருக்கும், நிதானஸ்தர். ராஜ வீதி திரும்பினோம். எதிரே குடை, நாகஸ்வரம், அம்பாள் புறப்பாடு. நம் ஊரில் சாமி வந்தால் ஆம்புலன்ஸ் தவிர எல்லாம் நிற்கும். இந்த டிரைவர் நின்றதோடு விடவில்லை. எஞ்சினை அணைத்தார், செருப்பைக் கழற்றினார், என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுத் தீபாராதனைக்குப் போய்விட்டார்.

பத்து நிமிஷம் கழித்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பொன்னேரிக்கரை போனபோது பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி ஜன்னலில் ஒரு கை ஆடியது. அது நிவேதாவின் கைதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பஸ் மறையும் வரை நானும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால், டிரைவர் குங்குமப் பொட்டலத்தை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "உங்க அவசரத்தையும் சேத்துதாம்மா சாமிகிட்ட சொல்லிட்டு வந்தேன். அம்பாள் அத அடுத்த வாரக் கணக்குல போட்டுக்கினு இருப்பாங்க போல."

நான் புரோக்கர் ஆனேன்

முகூர்த்த சீசனில் ஒரு வியாழன். ஆட்டோவே கிடைக்கவில்லை. ஆந்திரா நம்பர் போட்ட வேன் ஒன்று, மேலே மூட்டையும் உள்ளே ஜவுளிப் பைகளுமாக, ஹைவே பக்கம் திரும்பக் காத்துக்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஜன்னலைத் தட்டினேன். நம் ஊரில் வெளியூர் வேனின் ஜன்னலைத் தட்டுகிறவர்கள் யார் என்பது தட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளே இருந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாம் எடுத்தாச்சு மேடம், இன்னொரு கடை வேணாம்."

நான் பட்டுக்கடை புரோக்கர் இல்லை, ஹைவே வரை ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்று, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஆங்கிலத்தில் சொன்னேன். ஏற்றிக்கொண்டார்கள். என் மடியில் கல்யாணப் பெண்ணின் கூரைப் புடவையை வைத்துக் காட்டினார்கள். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. நிவேதாவுக்கு நான் மனசில் எடுத்து வைத்திருந்த அதே நிறம். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சரியாக ஆறு இருபதுக்கு இறக்கிவிட்டார்கள். கதவைச் சாத்தும்போது அந்த அம்மாள் இன்னும் நம்பாமல் சொன்னார்: "இங்கிலீஷ்ல கூப்புடற புரோக்கர இப்பதான் பாக்கறோம். அடுத்த பொண்ணு கல்யாணத்துக்கு உங்க கடைக்கே வர்றோம் மேடம்."

கிடைத்த ஐந்து நிமிஷம்

அன்றுதான் அவளை முழுசாகப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, அதற்குப் பின்னால் தாலி. நாலு நிமிஷம் உருப்படாத பேச்சு: பழைய பாட்டில் எங்கே, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, மாமியார் வீட்டில் மிக்ஸி சரியாயிற்றா. வருகிற வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

டிரைவர் கிளாஸைக் கீழே வைத்ததும் அவள் கேட்டாள், "அப்பா என்னப் பத்தி எதனா கேட்டாராம்மா?" "ஆஃப் கோர்ஸ், அடிக்கடி" என்றேன். படியில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "பொய் சொல்றப்ப மட்டும் உனக்கு இங்கிலீஷ் வந்துடுதும்மா."

போன வியாழன்

போன வியாழக்கிழமை இவர் சென்னைக்குப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. மத்தியானத்திலிருந்து ஈஸிசேரில் சாய்ந்து கோயில் உற்சவப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். எந்த நாள், எந்த வாகனம், எந்தத் தெரு வழியாகப் புறப்பாடு என்று போட்டிருப்பார்களே, அது. நான் அந்தக் காகிதத்தை ஒருநாளும் மதித்துப் படித்ததில்லை. அலமாரியில் விரிக்க உதவும் என்று எடுத்து வைப்பதோடு சரி.

ஐந்தே காலுக்குப் பாட்டிலைப் பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, "கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்றேன். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ராஜ வீதி பக்கம் போகாத, அஞ்சரைக்கு சாமி புறப்பாடு. மேட்டுத் தெரு வழியா சுத்திப் போயிடு. குழம்புல உப்பு பாத்தியா? அவளுக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்."

எத்தனை வாரமாக இவருக்குத் தெரியுமோ. அடுக்களைக்குத் திரும்பிப் போய் உப்புப் பார்த்தேன். குறைவுதான். போட்டேன்.

மேட்டுத் தெரு காலியாக இருந்தது. ஆறு மணிக்கே பொன்னேரிக்கரையில் நின்றேன். முதல் தடவையாக பஸ்ஸுக்கு நான் காத்திருந்தேன். நிவேதா இறங்கியதும், வழியைப் பற்றி, சாமியைப் பற்றி, உப்பைப் பற்றி அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன், தமிழிலேயே. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறப் போனவள் நின்றாள். "அவளுக்குன்னுதான் சொன்னாராம்மா? பேரு சொல்லலையா?"

ஆக, பிள்ளையார்பாளையத்திலிருந்து மேட்டுத் தெரு வழியாகப் பொன்னேரிக்கரைக்கு நாற்பது நிமிஷம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஈஸிசேரிலிருந்து அதே இடத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் எந்த ஆட்டோக்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை.