கங்காணியின் இன்னொரு மகள்

எர்மினா வால்மண்ட் ஒருநாளும் உட்கார்ந்து எழுதியதில்லை. சமையலறை அலமாரித் தட்டில் தாளை வைத்து நின்றபடியே எழுதுவாள்; நாலு வரிக்கு ஒருமுறை வாசலுக்குப் போய் வருவாள். கப்பலுக்கு வாழைத்தார் சுமக்கும் பெண்களைத் திரட்டிக் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்யவைத்தவள். அவர்கள் பேச்சிலேயே அவர்கள் கதைகளை எழுதி அச்சேற்றியவள். "உங்க பேரச் சத்தமாச் சொல்லுங்க" என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள், தன் தகப்பன் பேரை மட்டும் எங்கும் சொன்னதில்லை.

தோட்டத்துக் கங்காணி ரோயர் இறந்த அன்று மத்தியானம், வானொலியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். டொமினிக்காத் தீவில் சாவுச் செய்தி வாசிக்கும்போது ஊரே கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். இறந்தவரின் பட்டப்பெயரில் தொடங்கி லண்டனில் இருக்கும் மருமகள் வரை வாசிப்பார்கள். அதில் பேர் வந்தால்தான் உறவு.

மாதா கோயிலில் மோதிரம் போட்ட மனைவியின் பிள்ளைகள் பேரெல்லாம் வந்தது. எர்மினாவின் பேர் வரவில்லை.

அம்மா குளோதில் அடுப்பில் ஈரப்பலாவைத் திருப்பிப் போட்டாள். "உசுரோட இருந்தப்பவே நம்மளப் பாத்தா தொப்பிய மூஞ்சிக்கு இறக்கிக்கிட்டுப் போன மனுஷன். செத்தப்புறமா கூப்பிடப்போறான்?"

"அவரு கூப்பிட வேணாம்மா. யாரு எழுதிக் குடுத்தாலும் வாசிப்பாங்க. நானே குடுக்கிறேன்."

"ஊர்ப் பொம்பளைங்க கதையெல்லாம் முடிஞ்சு இப்ப என் கதைக்கு வந்துட்டியா? ஞாயித்துக்கெழம நான் பூசைக்குப் போக வேணாமா?"

எர்மினா தாளை எடுத்தாள். எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். சாயங்காலச் செய்திக்கு நேரம் நெருங்கியது. வானொலி நிலையம் மேட்டுத் தெருவில் இருந்தது. செருப்பை மாட்டியபோது அம்மா வழியை மறித்தாள்.

"படி."

"ரோயரின் இன்னொரு மகள், எர்மினா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நீ என்ன வாழைமரத்துல காய்ச்சவளா? என் பேரு எங்கடி?"

எர்மினா தாளைப் பார்த்தாள். "உன்ன என்னன்னும்மா போடுறது?"

"மோதிரம் போடாத மத்தவளுக்கெல்லாம் தோழின்னுதானே போடுறாங்க? போடு. வெறும் தோழின்னு போடாத, நெடுநாள் தோழின்னு போடு."

எர்மினா ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அம்மா சன்னல்களையெல்லாம் திறந்து, வானொலியை முழுச் சத்தத்தில் வைத்திருந்தாள். இரண்டு பெயர்களும் வாசிக்கப்பட்டன. எதிர்வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

குளோதில் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "என் பேரப் பாதி முழுங்கிட்டான்டீ," என்றாள். "காலைல திரும்ப வாசிக்கச் சொல்லு."

எர்மினா இன்னும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.