மிமியின் நெஞ்சில் ஓர் அதிர்வு

எங்கள் பொமரேனியன் குட்டி மிமி எப்போதும் என் மடியில்தான் கிடக்கும். நெஞ்சில் கை வைத்தால் குர்ரென்று அதிரும். என்மேல் அவ்வளவு பாசம் என்று முத்தியால்பேட்டை முழுக்கப் பெருமையடித்தேன்.

தடுப்பூசி போடப் போனபோது டாக்டரிடமும் சொன்னேன். "கைய வச்சுப் பாருங்க சார், என்னமா கொஞ்சுது!"

அவர் வைத்த கையை எடுக்கவில்லை.

"கொஞ்சல் இல்லம்மா. பொறந்ததும் மூடிக்க வேண்டிய ரத்தக்குழாய் ஒண்ணு மூடல. ரத்தம் அதுல பாயுற அதிர்வு இது. ஓட முடியாமத்தான் மடியில கெடக்குது."

வெளிநாட்டில், பாரீசில் இருக்கும் தங்கை லீவுக்கு வந்தவள், சிகிச்சைக்காக மிமியைத் தன்னோடு கூட்டிப்போனாள். அங்கே நெஞ்சைக் கிழிக்காமல், தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிச்சுருள் வைத்து அந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள்.

தங்கையின் அடுத்த லீவில் மிமி அவளோடு திரும்பி வந்ததும் நெஞ்சில் கை வைத்தேன். துடிப்பு மட்டும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் அந்த அதிர்வுக்கு ஏங்கினேன். அதற்குள் மிமி துள்ளிக் குதித்துத் தெருவுக்கு ஓடிவிட்டது.

அதன்பின் அது என் மடியில் கிடந்ததே இல்லை. நானும் கூப்பிடுவதில்லை.