பெர்மிட் கிடைக்காத கேரவன்

செல்வசிங் எரிவாயு சிலிண்டரைத் தூக்கினார். அது நினைத்ததைவிடச் சுலபமாக மேலே வந்துவிட்டது. முழு சிலிண்டரின் கனம் அவர் கைக்குத் தெரியும். அவரேதான் இதைக் கேரவனில் ஏற்றி, இணைத்து, சோதித்து மூடிவைத்தவர். அடுப்பை ஒருமுறைகூடப் பற்றவைக்கவில்லை. இப்போது சிலிண்டரில் பாதிகூட இல்லை.

அமீரகத்தின் புஜைராவில் அவர் குடியிருந்த கட்டடத்தின் பின்னால், மதிலை ஒட்டி நின்றது அந்தக் கேரவன். வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் வாங்கியது. "வித்துருங்கப்பா, பாக்கப் பாக்க ஒங்களுக்குத்தான் கஷ்டம்" என்று மகன் எபின் சொல்லிக்கொண்டே இருந்தான். இன்று சாயங்காலம் செய்கு அலாவுதீன் என்பவர் பார்க்க வருகிறார். "புதுசு மாதிரிதான் பாய், நான் வாங்கின பிறகு யாரும் தங்கினதில்ல" என்று செல்வசிங் போனில் சொல்லியிருந்தார். அப்படித்தான் நம்பியிருந்தார்.

வாங்கியது மனைவி அன்னபாக்கியத்துக்காக. அவள் நர்ஸ். ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் வாசித்துப் பழகியவள், தன்னுடையதையும் வாசித்துவிட்டாள். கட்டியை எடுக்க வயிற்றைத் திறந்த டாக்டர், எடுக்காமலே தைத்து மூடினார். ஊருக்குப் போய்விடலாம் என்றார்கள். அவள் கேட்டது வேறு.

"திப்பா கடக்கரையில ஒரு ராத்திரி கெடக்கணும். கதவத் தொறந்தா கடலு தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கடற்கரை ஊரில் பிறந்தவள். இங்கே இத்தனை வருடமும் டூட்டி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் கடலைப் பார்த்தாள்.

செல்வசிங்குக்கு எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் யார்டில் வேலை. காலியான தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் விஷவாயு இருக்கிறதா என்று அளந்து, பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு தடவை அவர் வந்து சேர்வதற்குள், சூப்பர்வைசர் "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டியதில், முனியசாமி என்ற தொழிலாளி இறங்கிவிட்டான். அவன் உடலைக் கயிறு கட்டி வெளியே எடுத்தது செல்வசிங்தான். அதற்குப் பிறகு எதுவும் முழுசாகத் தயாராகாமல் அவருக்குக் கால் நகராது.

வெயில் தணிந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் கேரவனில் வேலை நடந்தது. வாசல் உயரம் அவளால் ஏற முடியாதது. மடக்குப் படி ஒன்றைச் செய்து பொருத்தினார். படுக்கை ஓரம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மணலில் சக்கரம் புதையாமலிருக்கப் பலகைகள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் கழுவி ஊற்றினார். கூடவே எடுத்துச் செல்கிற கழிப்பறை, வாசலுக்கு நிழல்துணி, தீயணைப்பான். வாயு கசிந்தால் அலறும் அலாரம் மட்டும் துபாயிலிருந்து வரவேண்டியிருந்தது.

அன்னபாக்கியம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

"இஞ்ச பாருங்க, எனக்க பெர்மிட் எப்பக் கெடைக்கும்?"

"ரசமட்டம் வச்சுப் பாத்தேன். வலது பக்கம் கொஞ்சம் சரியுது. அடுத்த வெள்ளி போவோம்."

"சரிஞ்சா உருண்டு ஒங்க மேலதான விழுவேன்? கெட்டிக்கிட்ட நாள்லருந்து அங்கதான கெடக்கேன்."

"வெளையாடாத. அலாரம் வரட்டும்."

"கர்த்தரு பெர்மிட் தந்திருவாரு போலுக்கு. நீங்க தரமாட்டிய."

இரண்டு பேருமே சிரித்தார்கள். அலாரம் வந்த வாரம் அவளால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. பிப்ரவரியில் அவளைப் பெட்டியில் வைத்துத் திருவனந்தபுரம் விமானத்தில் ஏற்றினார்கள். அந்தப் பயணத்துக்கு வேண்டிய கையெழுத்தையெல்லாம் செல்வசிங்தான் போட்டார். ஒன்றிலும் பிழையில்லை.

இப்போது கையில் லேசான சிலிண்டர். கசிவு என்று நினைத்தார். அவள் படுக்க இருந்த இடத்தில், அவர் சோதித்துச் சரி என்று மூடிய இணைப்பில். சோப்புத் தண்ணீர் கலக்கி, குழாயை மறுபடி மாட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவினார். குமிழி வரவில்லை. துடைத்துவிட்டுத் திரும்பவும் தடவினார்.

கீழ்வீட்டு ஹாலிதா துணி உலர்த்த வெளியே வந்தாள்.

"என்னண்ணே, ரப்பர் குழாயப் போட்டு அந்தக் குளிப்பாட்டு குளிப்பாட்டுறீங்க?"

"கேஸ் லீக்காவுது. பாதி சிலிண்டர் போயிருக்கு. எங்கன்னு தெரியல."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "லீக் இல்லண்ணே. நாங்கதான் டீ போட்டுக் குடிச்சோம்."

"நாங்கன்னா?"

"அக்காவும் நானும். நீங்க டூட்டிக்குப் போனதும் ஆணியில கெடக்குற சாவிய எடுத்துட்டு வந்துருவாங்க. மொதல்ல தானாவே படியேறுனாங்க. பொறவு நான்தான் புடிச்சு ஏத்துவேன். 'அவருட்ட சொல்லிராத புள்ள, பெர்மிட் இல்லாம ஏறுனது தெரிஞ்சா வேலையவிட்டுத் தூக்கிருவாரு'ம்பாங்க."

"அலாரம் இல்லாமயா அடுப்பப் பத்தவச்சிய?"

"ஒண்ணும் ஆவலண்ணே."

செல்வசிங் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஏறி என்ன செய்வா?"

"அந்தக் கம்பியப் புடிச்சிக்கிட்டுப் படுத்திருப்பாங்க. ஜன்னலத் தொறக்கச் சொல்வாங்க. பேச்செல்லாம் கம்மிதான்."

அவர் உள்ளே ஏறிப் படுக்கையில் உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, ஜன்னலைத் திறந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் மதில். ஏ.சி. தண்ணீர் ஒழுகி ஒழுகிக் கறுத்த சிமென்ட். கடல் அதற்கு அப்பால்தான், நடந்தே போகிற தூரம். இங்கிருந்து தெரியாது. செய்கு அலாவுதீனின் ஹாரன் கேட்கும்வரை அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

வந்தவர் சக்கரத்தைத் தட்டினார், படியில் ஏறி இறங்கினார், அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"புதுசுன்னீங்களே செல்வசிங் பாய், அடுப்புல பால் பொங்குன கறை இருக்கே?"

"தப்பாச் சொல்லிட்டேன். ஆளு தங்கின வண்டிதான்."

"யாரு?"

"எனக்க வீட்டுக்காரி."

"அதனால என்ன, நல்லாத்தான் வச்சிருக்கீங்க. எங்கெல்லாம் கொண்டு போனீங்க?"

செல்வசிங் மதிலைப் பார்த்தார்.

"எங்கயும் இல்ல."