நைட் ஷிப்ட் வாரத்து மாத்திரை

எனக்கு ரத்தப் புற்றுநோய். ஆயுள் முழுக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், விட்டால் நோய் முற்றிவிடும் என்று ரத்தநோய் டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனாலும் நைட் ஷிப்ட் வாரங்களில் நான் அதைத் தொட மாட்டேன். போட்டால் குமட்டும். ஒரகடம் கம்பெனியில் லைனை விட்டு இரண்டு முறை பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் கத்துவான்.

போன மாதம் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா, "மாத்திரை தவறாம போடுறீங்களா?" என்றார்.

"போட்டுக்கினுதான் கீறேன். உங்க மாத்திரதான் டூப்பு" என்று எகிறினேன். அது பச்சைப் பொய்.

அவர் கோபப்படவில்லை. ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "இந்த வாரம் என்ன ஷிப்ட்?" என்றார்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "நைட்டு வாரம் போடறதில்ல மேடம். வாந்தி வர்து."

"அந்த வாரம் காலைல வீட்டுக்கு வந்து நல்லா சாப்பிட்டுட்டுப் போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத் தூங்குங்க." சீட்டில் மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாக நேரம் எழுதினார்.

சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதுவரை என் ஷிப்டைக் கேட்டவன் எல்லாம் ஓவர்டைம் பார்க்கச் சொல்லத்தான் கேட்டான். நான் சாகக் கூடாது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய்ப் பொய் சொன்னேன்.