பின்சக்கரத்தில் ஒரு குண்டு அதிகம்

அவருக்குக் காலில் சக்கரம் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் பம்பரம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறக்கிற வேலை. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

பம்பரம் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பார். கல்யாணத்தன்று எடுத்த படத்தில் மனைவி தெளிவாக இருக்கிறார். பக்கத்தில் மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் கலங்கலாக ஒரு சட்டை மட்டும் தெரிகிறது. முடிவெட்டப் போனால் பாதித் தலையோடு எழுந்து தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் மீதித் தலையைக் கொடுப்பார். மனைவி இதற்கு நேர்மாறு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து காலர் தைப்பவர். “எங்க ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா, ரெண்டு சாதாரண மனுஷங்க கிடைப்பாங்க” என்பார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வால்வு வேலை அளவெடுத்துத் தைத்தது போல அமைந்திருந்தது. ஏழு தெரு, தெருவுக்கு ஒரு வால்வு. காலை ஐந்தரைக்கு முதல் வால்வைத் திறக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அதை மூடிவிட்டு சைக்கிளை மிதித்து அடுத்ததற்குப் போக வேண்டும். சைக்கிளின் குறுக்குக் கம்பியோடு சேர்த்து, பிடி வைத்த நீளமான இரும்புச் சாவி ஒன்றைக் கட்டியிருப்பார். அதைக் குழிக்குள் விட்டுத் திருகினால் தெருவுக்குத் தண்ணீர். கடைசி வால்வு மேட்டுத் தெருவில். ஆறாவது தெருவை எட்டு இருபதுக்கு மூடிவிட்டு, ஏற்றத்தில் மிதித்து, எட்டரைக்கு அங்கே திறக்க வேண்டும். ஒன்பதுக்குக் கட்டாயம் மூடிவிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு தொட்டித் தண்ணீர் மருத்துவமனைக்குப் போகிறது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவருடைய காலை. உலகத்தில் வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

மூன்று மாதமாகச் சைக்கிள் முனகிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்தின் நடுவில், அச்சைச் சுற்றி, சின்ன இரும்புக் குண்டுகள் ஒரு கிண்ணத்துக்குள் உருளும். அவை தேய்ந்துவிட்டிருந்தன. முதலில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு ‘டக்’. பிறகு மணல் அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் கிழவன் பல் மாதிரி ஆடியது. சைக்கிள் கடைக்காரர், “ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, பிரிச்சுப் பாத்துடலாம்” என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. ஒரு நாளா? பம்பரம் ஒரு மணி நேரம்கூடச் சைக்கிளை விட்டுப் பிரிந்தவர் இல்லை. “பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே மிதித்துப் போய்விடுவார்.

ஏற்றம் அவரைக் காட்டிக்கொடுத்தது. பத்து நிமிஷப் பாதை பதினைந்து ஆயிற்று, இருபது ஆயிற்று. மேட்டுத் தெருவில் குழாய் பாதிக் குடத்தோடு நிற்க ஆரம்பித்தது. ஒன்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆன இளம்பெண். நல்ல மனசுக்காரர். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

“அண்ணே, உக்காருங்க.”

“பரவாயில்ல மேடம்.”

“மனு பாத்தீங்கல்ல? உங்களத் திட்டறதுக்குக் கூப்பிடல. உங்களுக்கும் அம்பது தாண்டிடுச்சு. பம்பு ஹவுஸ்ல ஒரு இடம் காலியாகுது. மோட்டாரப் போடணும், அளவு எழுதணும், அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் ஜம்முனு நாற்காலில உக்காந்திருக்கலாம். ஃபேன்கூட இருக்கு.”

பம்பரத்தின் கால் வாசல் பக்கம் திரும்பியது. பம்பு ஹவுஸ் அவருக்குத் தெரியும். நான்கு சுவர், ஒரு மோட்டார், ஒரு நாற்காலி. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. அந்த நாற்காலியின் இருக்கை நடுவில் குழிந்திருக்கும். அவருக்கு முன்னால் இருந்த ஆள் எட்டு வருஷம் உட்கார்ந்து உண்டாக்கிய குழி அது.

“மேடம், சைக்கிள்லதான் கோளாறு. எனக்கு ஒண்ணும் இல்ல. சரி பண்ணிடறேன்.”

மேற்பார்வையாளர் யோசித்தார். “சரி, திங்கக்கிழமை நானே மேட்டுத் தெருவுல வந்து நிக்கறேன். எட்டரைக்குத் தண்ணி வந்துச்சுன்னா உங்க இஷ்டம். இல்லன்னா நாற்காலிதான். சம்மதமா?”

சம்மதம் என்று வாய் சொல்லும்போது கால் வாசலைத் தாண்டியிருந்தது.

நேராகச் சைக்கிள் கடை. இனிமேல் கடையில் விட்டுவிட்டுப் போக நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. “சாமான கொடுங்க, நானே மாட்டிக்கறேன்” என்றார். அச்சின் இரண்டு முனையிலும் திருகுகிற கோன் இரண்டும், குண்டுகளும் வாங்கினார். கடைக்காரர் குண்டுகளை எண்ணிக் காகிதத்தில் மடித்தபடியே, “இருபது இருக்கு. ரெண்டு கூடுதலாத்தான் போட்டிருக்கேன், ஏன்னா…” என்று ஆரம்பித்தார். ஏன் என்பதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. மீதி வாக்கியம் காற்றில் போயிற்று.

ஞாயிறு காலை வாசலில் பழைய சாக்கை விரித்து வேலையை ஆரம்பித்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றி, சக்கரத்தை உருவினார். கோனைத் திருப்பி அச்சை இழுத்ததும் கறுப்பு மசியோடு பழைய குண்டுகள் சாக்கில் உருண்டன. சில தட்டையாகியிருந்தன, இரண்டு பிளந்தே போயிருந்தன. கோனைப் பார்த்தால் எலி கொறித்த மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். புதுக் கிரீஸைக் கிண்ணத்தில் விரலால் பூசினார். அதுவரை கை நன்றாகத்தான் போயிற்று.

பிறகு புதுக் குண்டுகளை ஒவ்வொன்றாக வட்டமாக அடுக்கினார். ஒன்பது உட்கார்ந்தது. ஒன்பதாவதுக்கும் முதலாவதுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் தெரிந்தது.

இங்கேதான் இருபத்திரண்டு வருஷ வேலை குறுக்கே வந்து நின்றது. வால்வின் கழுத்தில் நீர் கசிந்தால், கிரீஸில் ஊறிய கயிற்றைச் சுற்றிச் சுற்றித் திணித்து, துளி இடைவெளி இல்லாமல் அடைத்து, மேலே மூடியை இறுக்க வேண்டும். இடைவெளி என்றால் கசிவு, கசிவு என்றால் மனு. அவர் கைக்கு அது தெரியும், வேறெதுவும் தெரியாது. பத்தாவது குண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். முரண்டு பிடித்தது. ஸ்பானரின் அடியால் ஒரு தட்டுத் தட்டினார். உட்கார்ந்தது. மறுபக்கமும் பத்து. கணக்குச் சரியாக இருந்தது. காகிதத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. கோன்களை வால்வு மூடி மாதிரியே நன்றாக இறுக்கினார்.

மாட்டி ஏறினார். பத்தடி போவதற்குள் சக்கரம் கல் தின்பது போலக் கத்தியது. இறங்கித் தளர்த்தினார். இப்போது ஆடியது. இறுக்கினார், கத்தியது. பாதி தளர்த்தினார், ஆடிக்கொண்டே கத்தியது. தெருவில் போனவர் ஒருவர், “என்ன பம்பரம், ஆடாம சுத்த மாட்டேங்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மதியம் தட்டோடு நடந்து வந்து ஒரு கவளத்துக்கு ஒரு திருப்பு திருப்பிப் பார்த்தார். மூன்று முறை பிரித்து மூன்று முறை மாட்டினார். ஒவ்வொரு முறையும் இன்னும் அழுத்தி, இன்னும் இறுக்கி. நடுநடுவே எழுந்து தெருமுனைவரை போய் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார். வெயில் சாய்ந்து சுவரின் நிழல் சாக்கின் மேல் ஏறியது. அந்தக் குழிந்த நாற்காலி கண்ணில் வந்து வந்து போயிற்று.

மனைவி அதுவரை உள்ளே ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

“என்னங்க, ஜெயிச்சது யாரு? நீங்களா, சக்கரமா?”

“உனக்குச் சிரிப்பா இருக்கு. நாளைக்கு என்னைக் கொண்டுபோய் அந்த ரூம்ல உக்கார வெச்சாங்கன்னா தெரியும்.”

“தெரியுமே. நாலே நாள்ல நாற்காலிய உடைச்சிடுவீங்க. கடைக்காரர் ஏதாவது சொல்லியிருப்பாரே, என்ன சொன்னாரு?”

“சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் வந்துட்டேன்.”

“அதானே! என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்கப்பா பேசிக்கிட்டே இருந்தாரு, நீங்க தெருவுல நின்னீங்க.”

சொல்லிக்கொண்டே அவர் சாக்கில் சிதறிக்கிடந்த பழைய குண்டுகளைப் பொறுக்கி, தம் பொத்தான் டப்பாவின் மூடியில் போட்டார். தையல்காரர் கை, கீழே கிடப்பதை எண்ணாமல் எடுக்காது. உடைந்த துண்டுகளை ஜோடி சேர்த்து வைத்தார்.

“பழசு மொத்தம் பதினெட்டுதான் வருது. நீங்க எத்தனை போட்டீங்க?”

“இருபது.”

“ஏன்?”

“இடம் இருந்துச்சு!”

“இடம் இருந்தா உடனே அடைச்சிடணுமா?”

“பின்ன? சும்மா விட்டா ஆடாதா?”

“என் மெஷின்ல நூல் அழுத்தத்தை இறுக்கிக்கிட்டே போனா தையல் உறுதியாகும்னு நானும் முதல் வாரம் நினைச்சேன். நூல்தான் அறுந்துச்சு. ஒரு மயிரிழை விடணும். ஒவ்வொண்ணும் தானும் உருளணும் இல்ல? பத்துப் பேர ஒரே பெஞ்சுல நெருக்கி உக்கார வெச்சா யாரு அசைய முடியும்?”

பம்பரத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் கை ஏற்கெனவே ஸ்பானரை எடுத்திருந்தது. நான்காம் முறை பிரித்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குண்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். கிண்ணத்தில் மறுபடியும் அந்தக் கொஞ்ச இடம் தெரிந்தது. அதை அடைக்காமல் இருக்க விரலைத் தொடையில் துடைத்துக்கொண்டார். கோனைக் கையால் திருகி, குண்டைத் தொட்டதும் நிறுத்தி, கால் சுற்று பின்வாங்கினார்.

“இப்பவும் லேசா ஆடுது பாரு” என்றார், வெற்றி பெற்றவர் போல.

“சைக்கிள்ல மாட்டி நட்டை முடுக்குங்க. அப்புறம் பேசுங்க.”

மாட்டி முடுக்கினார். நட்டு இறுகியபோது அந்த மயிரிழை ஆட்டமும் அடங்கிப்போயிற்று. சக்கரத்தைத் தட்டிவிட்டார். சத்தமே இல்லை. சத்தமில்லாததை நம்பாமல் காதை வைத்துக் கேட்டார். சுற்றிக்கொண்டே இருந்தது. மனைவி பொத்தான் டப்பாவை மூடிக்கொண்டு, “கை கழுவிட்டு உள்ள வாங்க, கதவுப் பிடியெல்லாம் கிரீஸாக்காதீங்க” என்று எழுந்து போனார்.

திங்கட்கிழமை ஆறாவது தெருவை எட்டு இருபதுக்கு மூடிவிட்டு மிதித்தார். ஏற்றம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மேட்டுத் தெரு முனையில் குடத்தோடு நாலைந்து பேர்; அவர்களுக்கு நடுவே கையில் குடையோடும் கடிகாரத்தோடும் மேற்பார்வையாளர். மணி எட்டு இருபத்தாறு.

“அட, சீக்கிரமே வந்துட்டீங்க! தொறந்துடுங்க அண்ணே.”

பம்பரம் சாவியைக் குழிக்குள் இறக்கினார். திருகவில்லை.

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கு மேடம். இப்பதான் தொட்டியில மட்டம் ஏறுது. அவசரப்பட்டுத் தொறந்தா மேல இருக்கிற மூணு வீட்டுக்குக் காத்துதான் வரும்.”

“அப்ப காத்திருங்க” என்றார் அவர், குடையை மடக்கியபடி.

பழைய நாளில் முன்னதாக வந்தால் தெருவை ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவார். இன்றைக்கு இத்தனை கண் பார்க்கும்போது எங்கே போவது? நின்றார். இடது கால் தாளம் போட்டது. அதை நிறுத்தினால் வலது கால் ஆரம்பித்தது. பைக்குள் கைவிட்டு அந்த இரண்டு குண்டுகளையும் விரல் நடுவில் உருட்டினார். எட்டு இருபத்தேழுதான் ஆகியிருந்தது. மேற்பார்வையாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாற்காலி ஏதாவது கொண்டுவரச் சொல்லட்டுமா?”

குடம் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, மிதிகட்டையை ஒரு தள்ளுத் தள்ளினார். பின்சக்கரம் சுற்றியது. கம்பிகள் கலந்து வெள்ளைத் தட்டாயின. மெல்ல மெல்லப் பிரிந்து, ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நிற்கப்போகிற சமயத்தில் சக்கரம் நிற்கவில்லை. பின்னால் அசைந்தது, மறுபடி முன்னால், மறுபடி பின்னால். டியூபுக்குக் காற்றடிக்கும் வாய் இருக்கிற பக்கம்தான் கனம். ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி, அந்த வாய் நேராகக் கீழே வந்து நின்றது. தடை துளி இருந்தாலும் அது அங்கே வந்து நிற்காது. அவர் பார்வையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தம் இரண்டு காலும் எப்போது அடங்கின என்று அவருக்குத் தெரியாது.

“எட்டரை” என்றார் மேற்பார்வையாளர்.

சாவியைப் பதினான்கு சுற்று திருகினார். முதலில் குழாய்கள் சீறின, இரும்பின. பிறகு குடத்தின் அடியில் தண்ணீர் விழும் சத்தம். மேல் வீட்டிலிருந்து ஒரு பெண், “வந்துடுச்சு, இங்கயும் வந்துடுச்சு!” என்று கத்தினார்.

“அப்ப அந்த இடத்துக்கு நான் வேற ஆளைத்தான் பாக்கணும்.”

“நல்லா உக்காரத் தெரிஞ்ச ஆளா பாருங்க மேடம்.”

“இன்னும் அரை மணி நேரம் இருக்கே, மூடற வரைக்கும் நீங்க…” என்று அவர் கேட்க ஆரம்பித்தார்.

கேள்வியின் மீதிப் பாதி காற்றில் போயிற்று. சைக்கிள் சத்தமே இல்லாமல் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.