புசியாவில் நிமிர்ந்து நின்றவர்கள்

2006 ஆவணி. காலை ஏழு மணிக்குக் கென்யாவின் கிசுமு நகரில் மத்தாத்து எனப்படும் சிறிய வான் வண்டியில் ஏறினேன். உகண்டா எல்லையில் இருக்கும் புசியாவுக்கு நூற்றுப் பத்துக் கிலோமீற்றர். கட்டணம் இருநூற்றைம்பது சில்லிங். பதினான்கு பேருக்கான வண்டியில் இருபது பேராவது இருந்திருப்போம். கமரா என் மடியில் இருந்தது. களவு போகுமோ, விழுந்து உடையுமோ, எல்லையில் பறிப்பார்களோ என்று வழியெல்லாம் யோசனை. புசியாத் தெருப் படங்களை மாதா கோயில் மண்டபத்தில் மாட்டத் தருகிறேன் என்று கனடாவில், மொன்றியலில் எங்கள் பங்குச் சுவாமிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கூட வந்த யோகன் அண்ணை யாழ்ப்பாணத்தவர். கிசுமுவில் வீதி போடும் கொம்பனியில் வேலை. “கஸ்டம்ஸ் பக்கம் மட்டும் கமராவைத் தூக்காதை. மற்றும்படி செத்தவீட்டுக்குப் போறவன் மாதிரி இராதையடாப்பா,” என்றார்.

புசியாவில் பெரிய தெரு ஒன்றுதான். எல்லைத் தடை வரைக்கும் லொறிகள். இரண்டு பக்கமும் பாதி கட்டிய மாடிகள். அவற்றின் உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. பின்னுக்கு மெத்தை கட்டிய சைக்கிள்கள் ஆட்களை ஏற்றி எல்லைக்கும் சந்தைக்கும் ஓடின. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இறங்கிப் படம் எடுக்கத் தொடங்கினேன்.

ஆட்கள் அறியாமல் எடுக்கத்தான் விருப்பம். ஆனால் கமராவைக் கண்டதும் எல்லோரும் வேலையை விட்டு நிமிர்ந்து நின்றார்கள். ஒரு சைக்கிள்காரர் சேட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். காய்ந்த சின்ன மீன் விற்கும் அக்கின்யி என்ற பெண்ணை மட்டும், கைநிறைய மீனோடு யாரையோ ஏசிக்கொண்டிருந்தபோது எடுத்துவிட்டேன். அருமையான படம் என்று அப்போதே தெரிந்தது. என்னைக் கண்டுவிட்டு அவள் தலைத்துணியைத் திருத்திக் கட்டி, நேராக இருந்து இன்னொன்று எடுக்கச் சொன்னாள்.

அப்போதுதான் கழுத்தில் கமராவோடு ஒருவன் வந்தான். வஃபூலா, அந்தத் தெருவில் காசுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவன். ஆங்கிலத்தில் கேட்டான்.

“ஏய் இந்தியன், நாளைக்கு எத்தினை மணிக்குப் படம் குடுப்பாய்?”

“நான் விக்க எடுக்கேல்லை. சும்மா.”

“சும்மாவோ? இந்த ரோட்டிலை நிமிர்ந்து நிண்டவைக்கு அடுத்த நாள் படம் வரும். நீ பிளேன் ஏறிப் போடுவாய். சனம் பிடிக்கிறது என்ரை சட்டையைத்தான்.”

யோகன் அண்ணை சிரித்தார். “அவன் சொல்லுறது சரிதானே. உன்னையும் அவன்ரை ஆள் எண்டுதான் சனம் நினைச்சிருக்கு.”

பிலிம் ரோலை மொன்றியலில் எனக்குப் பழக்கமான கடையில் கழுவத்தான் வைத்திருந்தேன். இங்கே கழுவலாமென்றால் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ரோல் பழுதானால் வந்த பயணமே வீண். ஆனால் படம் கொடுக்காமல் போனால் வஃபூலாவை நம்பி இனி அந்தத் தெருவில் யார் நிற்பார்கள்? ரோலைக் கழற்றிக் கழுவச் சொல்லி அவனிடமே கொடுத்தேன். அன்றைக்குக் கிசுமுவுக்குத் திரும்பவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் படங்களும் நெகட்டிவும் வந்தன, ஒன்றும் பழுதில்லை. வஃபூலாவோடு நானும் தெருவில் இறங்கிக் கொடுத்தேன். சைக்கிள்காரர் தன் படத்தைப் பக்கத்துக் கடை முழுக்கக் காட்டினார். அக்கின்யி, ஏசிக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுழித்தாள். அவள் சொன்னதை வஃபூலா சொன்னான்:

“இது மீன் விக்கிறவளாம். தான் இல்லையாம். உன்ரை ஊரிலை இதைச் சுவரிலை போடக்கூடாதாம்.”

“சரி, போடமாட்டன் எண்டு சொல்லு,” என்றேன்.

நேராக இருந்த மற்றப் படத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்குக் கை தந்தாள்.

மொன்றியலில், நான் இருக்கும் செயின்ட்-மிஷேலில், கமராவைத் தூக்கினால் ஆட்கள் முகத்தைத் திருப்புவார்கள். நானும் ஒளித்து நின்று எடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுவேன். இப்போது முதலில் கிட்டப் போய் “பொன்ஜூர்” என்று வணக்கம் சொல்கிறேன். பாதிப் பேர் மாட்டேன் என்கிறார்கள். பரவாயில்லை.

கோயில் மண்டபத்தில் நேராக இருக்கும் அக்கின்யியைத்தான் மாட்டினேன்.

“என்ன தம்பி, பாஸ்போட் படம் மாதிரிக் கிடக்கு?” என்றார் சுவாமி.

“ஓம் சுவாமி. அவ இப்பிடித்தான் வர விரும்பினவ.”