மிசினுக்கு ஆர் பொறுப்பு

அலுவலகத்தில் மின்சாரம் நின்றுபோனது. ஜெனரேற்றரை இயக்குகிறவர் லீவில் இருந்தார். "நாங்கள் தொட்டுப் பழுதாப் போனா ஆர் பொறுப்பு?" என்று கேட்டார் மனேஜர். எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம். ஜெனரேற்றரின் பெற்றோல் மணம் மட்டும் என்னை விடவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலம். புத்தூரில் எங்கள் தோட்டக் கிணறும் தண்ணீர் இறைக்கும் மிசினும் இரண்டு வீடுகளுக்குப் பொது. அன்று இறைப்பு எங்களுடைய முறை. அப்பாவோ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெங்காயத் தாள்கள் நுனி கருகத் தொடங்கியிருந்தன. அன்று விட்டால் அடுத்த முறைக்கு நான்கு நாள் காத்திருக்க வேண்டும்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். பங்குக்காரர் கந்தையா மிசினை மறித்து நின்றார்.

"பழுதாப் போனா ஆர் பொறுப்பு, பிள்ளை?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவார்கள்.

"நான்தான் அண்ணை. கயித்தைத் தாங்கோ."

அம்மா கயிற்றை வாங்கி மிசினில் சுற்றி இழுத்தார். இரண்டு இழுப்புக்கு மிசின் இருமிவிட்டு நின்றது. அடுத்த இழுப்பில் படபடவென்று பிடித்துக்கொண்டது. பெற்றோலில் ஓடி நன்றாகச் சூடேறும்வரை பொறுத்திருந்துதான் அம்மா மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அப்பாவே அவசரப்பட்டு மாற்றி, மிசினை நின்றுபோக விட்டுவிடும் இடம் அது.

செம்மண் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து வந்தது. நான் கத்திக்கொண்டு அதற்கு முன்னால் ஓடினேன். கந்தையா மண்வெட்டியை எடுத்து, எங்கள் முதல் பாத்தியைத் திறந்துவிட்டார்.

மனேஜர் இன்னும் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சேலையை இழுத்துச் செருகினேன்.

"நான்தான் சேர். கயித்தைத் தாங்கோ."